செம்பனை ஆலையும் ஆற்று மீனும்

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பயணம் செய்பவர்களுக்குச் செம்பனைத் தோட்டங்கள் பழகிப்போன காட்சி. கிலோமீட்டர் கணக்கில் ஒரே உயரம், ஒரே நிறம், ஒரே இடைவெளி. இடையிடையே பழக்குலைகளை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி நம்மைக் கடந்து போகும். அந்த லாரி போய்ச் சேரும் இடம் எண்ணெய் ஆலை. அங்கிருந்து எண்ணெய் வெளியே வருகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அதைவிடக் கூடுதலான அளவில் அங்கிருந்து வெளியே வரும் மற்றொன்று கழிவுநீர். ஒரு டன் எண்ணெய் பிழிந்தால் ஏறத்தாழ இரண்டரை டன் கழிவுநீர் உண்டாகிறது. அந்தக் கழிவுநீர் நம் ஆறுகளைப் படுத்திய பாட்டையும், அதைக் கட்டுப்படுத்த நாடு கண்ட வழியையும் இப்பகுதியில் காண்போம்.

செம்பனை இந்த மண்ணுக்குரிய மரம் அன்று. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. வணிக நோக்கத்தோடு அது மலாயாவில் முதன்முதலில் நடப்பட்டது 1917ஆம் ஆண்டில், கோலசிலாங்கூர் வட்டாரத்திலுள்ள ஒரு தோட்டத்தில். அத்தோட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? தென்னமரம் தோட்டம்! செம்பனைக்குப் பிறந்த வீடு தென்னையின் பெயரில் அமைந்தது ஒரு வேடிக்கைதான். நெடுங்காலம் ரப்பரே நாட்டின் முதன்மைப் பயிராக இருந்தது. பால்மரக் காட்டில் உழைத்த தமிழ்க் குடும்பங்களின் கதையை நீங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டிருப்பீர்கள். செயற்கை ரப்பரின் போட்டியால் ரப்பர் விலை சரிந்தபோது, 1960ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் செம்பனையின் பக்கம் திரும்பியது. ஃபெல்டா நிலத்திட்டங்களில் குடியேறிய ஏழைக் குடும்பங்களுக்கும் அதுவே வாழ்வாதாரமாயிற்று. 1975ஆம் ஆண்டில் நாட்டின் செம்பனை எண்ணெய் உற்பத்தி ஏறத்தாழ 13 இலட்சம் டன். ஐந்தே ஆண்டுகளில் அது இரு மடங்காகி, 1980இல் 26 இலட்சம் டன்னை நெருங்கியது.

செம்பனைப் பழத்தைப் பறித்தவுடன் விரைவாக வேகவைக்க வேண்டும். காலம் தாழ்த்தினால் எண்ணெயின் தரம் கெடும். ஆகையால்தான் ஆலைகள் தோட்டங்களுக்கு அருகிலேயே கட்டப்படுகின்றன. குலைகளைப் பெரிய உருளைக் கலன்களில் இட்டு நீராவியால் வேகவைப்பார்கள். பிறகு பழங்களை உதிர்த்து, மசித்து, பிழிந்து, சுடுநீர் சேர்த்து எண்ணெயைத் தெளியவைப்பார்கள். இத்தனைக்கும் ஏராளமான நீர் வேண்டும். ஆகவே, ஆலைகள் ஆற்றை ஒட்டி அமைந்தன. நீரை ஆற்றிலிருந்து எடுத்தார்கள். கழிவையும் ஆற்றிலேயே விட்டார்கள். கொதிநிலைக்குச் சற்றுக் குறைவான சூட்டில், கெட்டியான பழுப்பு நிறக் கூழாக அது வெளியேறியது.

விளைவு விரைவிலேயே தெரிந்தது. 1970ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில், தீபகற்ப மலேசியாவில் 42 ஆறுகள் செம்பனை ஆலைக் கழிவால் கடுமையாக மாசுபட்டிருந்தன. அவற்றில் நன்னீர் மீன்கள் வாழ முடியவில்லை. தூண்டிலையும் வலையையும் நம்பியிருந்த ஆற்றங்கரைக் கம்பத்து மக்களுக்கு இது வெறும் நாற்றம் சார்ந்த தொல்லையன்று. அன்றாடக் குழம்பில் மீன் இல்லாமற்போனது. குளிக்கவும் துவைக்கவும் இறங்கிய துறை பயனற்றுப்போனது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. செம்பனை எண்ணெய் பிழியும்போது நச்சு வேதிப்பொருள் எதையும் சேர்ப்பதில்லை. நீராவி, சுடுநீர், பழம் ஆகிய மூன்றுதான். அப்படியானால் கழிவுநீரில் இருப்பது பழச்சக்கையும் சிறிது எண்ணெயும்தானே? அவை மீனை எப்படிக் கொல்லும்?

விடை, நீரில் கரைந்துள்ள உயிர்வளியில் இருக்கிறது. மீன் செவுள்களின் வழியாக அந்த உயிர்வளியைத்தான் சுவாசிக்கிறது. பழச்சக்கை ஆற்றில் கலந்ததும் நுண்ணுயிர்களுக்குப் பெருவிருந்து கிடைத்துவிடுகிறது. அவை பல்கிப் பெருகி உண்ணத் தொடங்குகின்றன. உண்பதற்கு அவற்றுக்கும் உயிர்வளி வேண்டும். கொஞ்ச நேரத்தில் நீரிலுள்ள உயிர்வளி முழுவதையும் அவையே தீர்த்துவிடுகின்றன. மீன் மூச்சுத்திணறி மடிகிறது. எனவே, ஒரு கழிவுநீர் எவ்வளவு கேடானது என்பதை அளக்க, அதைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு உயிர்வளி தேவைப்படும் என்று கணக்கிடுகிறார்கள். இதற்கு ‘உயிர்வளித் தேவை’ என்று பெயர். மலேசியாவில் கழிவுநீர் மாதிரியை 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் மூன்று நாள் வைத்திருந்து இதைச் சோதிக்கிறார்கள். நம் வீட்டுச் சாக்கடை நீரின் உயிர்வளித் தேவை லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் அளவே இருக்கும். செம்பனை ஆலையிலிருந்து வரும் கழிவுநீருக்கோ ஏறத்தாழ 25,000 மில்லிகிராம்! சாக்கடையைவிடப் பழச்சாறு ஆற்றுக்குக் கொடியது என்பதை எளிதில் நம்ப முடிவதில்லை. அளந்து பார்த்தால்தான் விளங்குகிறது.

1974ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் நிறைவேறியது. ஆனால், சட்டத்தை எழுதுவதைவிட அதை நடைமுறைப்படுத்துவது கடினம். ஆலைகளை மூடிவிடலாமா? மூடினால் தோட்டத் தொழிலாளர்களும் நிலத்திட்டக் குடும்பங்களும் என்ன செய்வார்கள்? நாளையிலிருந்து கழிவைச் சுத்தப்படுத்து என்று ஆணையிடலாமா? அவ்வளவு கெட்டியான கழிவைக் குறைந்த செலவில் சுத்தப்படுத்தும் தேர்ந்த முறை அப்போது எவரிடமும் இல்லை. இல்லாத கருவியைப் பொருத்தச் சொல்லி ஆலை முதலாளியைத் தண்டித்து என்ன பயன்?

சுற்றுச்சூழல் துறை வேறொரு வழியைத் தேர்ந்தது. செம்பனை ஆலைகளுக்கென்றே தனி விதிமுறைகள் 1977ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டன. ஒவ்வோர் ஆலையும் ஆண்டுதோறும் உரிமம் பெற வேண்டும். ஆற்றில் விடும் நீரின் உயிர்வளித் தேவை 1978ஆம் ஆண்டு ஜூலை முதல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அடுத்த ஆண்டு அந்த வரம்பு 2,000. அதற்கடுத்த ஆண்டு 1,000. இப்படியே படிப்படியாக இறங்கி, 1984ஆம் ஆண்டில் 100 ஆக வேண்டும். அதாவது, தொடக்கத்தில் இருந்த மாசில் 99 விழுக்காட்டுக்கும் மேல் ஏறத்தாழ ஆறே ஆண்டுகளில் நீங்க வேண்டும். இந்தப் படிகள் அனைத்தும் முதல் நாளிலேயே ஆலைகளுக்குத் தெரிவிக்கப்பட்டன என்பதுதான் முக்கியம். என்ன வரப்போகிறது என்று தெரிந்தால்தான் ஒருவர் முதலீடு செய்யத் துணிவார்.

இதோடு பொருளியல் சார்ந்த ஓர் உத்தியும் சேர்க்கப்பட்டது. ஆலை எவ்வளவு மாசை ஆற்றில் விடுகிறதோ அதற்கேற்ப உரிமக் கட்டணம் கூடும். வரம்புக்குட்பட்ட மாசுக்கு டன்னுக்கு 10 ரிங்கிட். வரம்பை மீறிய மாசுக்கு டன்னுக்கு 100 ரிங்கிட். முதல் ஆண்டில் மட்டும், வரம்பை எட்ட முடியாத ஆலை இந்தக் கூடுதல் கட்டணத்தைச் செலுத்திவிட்டுத் தொடர்ந்து இயங்கலாம். இரண்டாம் ஆண்டு முதல் அந்தச் சலுகை இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஆலை நாளொன்றுக்கு 100 டன் எண்ணெய் பிழிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் கழிவுநீர் 250 டன். லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் என்றால், ஒரு டன் கழிவுநீரில் 25 கிலோகிராம் மாசு. மொத்தம் 6.25 டன். இதில் வரம்புக்குட்பட்டது 1.25 டன்; அதற்குக் கட்டணம் 12.50 ரிங்கிட். எஞ்சிய 5 டன்னுக்கு 500 ரிங்கிட். ஆண்டில் 300 நாள் ஆலை ஓடினால், கட்டணம் ஒன்றரை இலட்சம் ரிங்கிட்டைத் தாண்டிவிடும். 1978ஆம் ஆண்டில் அது சிறிய தொகையன்று. கழிவை ஆற்றில் கொட்டுவது அதுவரை இலவசமாக இருந்தது. இப்போது அதற்கொரு விலை வந்துவிட்டது. விலை வந்ததும் முதலாளியின் கணக்காளரே சுற்றுச்சூழலைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கினார்! கழிவைச் சுத்தப்படுத்தும் ஆய்வில் ஈடுபடும் ஆலைகளுக்குக் கட்டணத்தைக் குறைக்கவும் விதியில் இடமிருந்தது.

அப்படித் தேடியபோது கிடைத்த தொழில்நுட்பம் ஒன்றும் விந்தையானதன்று. பல நாடுகளில் சாக்கடை நீருக்குப் பயன்பட்ட குளங்கள்தாம். அவற்றைச் செம்பனைக் கழிவுக்கு ஏற்றவாறு மாற்றியமைத்தார்கள். முதலில் கழிவுநீரை ஆறவைத்து, மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுப்பார்கள். அதுவும் விற்பனைக்கு ஆகும். பிறகு ஆழமான குளங்களில் அதைத் தேக்குவார்கள். அங்கே உயிர்வளி இல்லாமலேயே வாழக்கூடிய நுண்ணுயிர்கள் மாசின் பெரும்பகுதியை உண்டுவிடும். அடுத்து ஆழம் குறைந்த குளங்கள். அங்கே காற்றின் துணையால் வேறு நுண்ணுயிர்கள் எஞ்சியதை முடிக்கும். ஆற்றில் நடந்த அதே விருந்துதான். ஆனால், இப்போது அது மீன் இல்லாத இடத்தில் நடக்கிறது. ஆலையிலிருந்து புறப்பட்ட நீர் ஆற்றைச் சேர இரண்டு மாதத்திற்கும் மேல் ஆகும். சில ஆலைகள், ஓரளவு சுத்தப்படுத்திய நீரையும் குளத்தின் அடியில் படிந்த சேற்றையும் மரங்களுக்கிடையே பாய்ச்சி உரமாக்கின. அவற்றில் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் இருப்பதால் உரச்செலவு குறைந்தது.

எண்ணெய் உற்பத்தி 1985ஆம் ஆண்டில் 41 இலட்சம் டன்னைத் தொட்டது. பத்தாண்டுகளில் மூன்று மடங்கு வளர்ச்சி. ஆற்றில் சேர்ந்த மாசோ அதே காலத்தில் பெருமளவு குறைந்துவிட்டது. உற்பத்தி கூடினால் மாசும் கூடியே தீரும் என்ற எண்ணத்தை இந்த அனுபவம் பொய்யாக்கியது. எல்லா ஆலைகளும் தாமாக இணங்கிவிட்டன என்று எண்ண வேண்டாம். சில ஆலைகள் நீதிமன்றப் படியேறின. சிலவற்றின் உரிமம் இடைநிறுத்தப்பட்டது. மேலும், ஆலைகளே தம் நீரைச் சோதித்து மூன்று மாதத்திற்கொரு முறை அறிக்கை அனுப்புகின்றன. தேர்வெழுதிய மாணவனே தன் விடைத்தாளைத் திருத்துவது போன்ற ஏற்பாடு இது. ஆகவே, அதிகாரிகள் நேரில் சென்று மாதிரி எடுக்காமல் இருக்க முடியாது. குளத்தில் சேறு நிரம்பியும் தூர் வாராமல் விட்டால், தாளில் உள்ள எண் ஒன்றாகவும் ஆற்றில் உள்ள நீர் வேறாகவும் இருக்கும்.

குளம் வெட்டிய செலவை யார் ஏற்றார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். செம்பனை எண்ணெயின் விலை உலகச் சந்தையில் முடிவாகிறது. சோயா எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் போட்டிக்கு நிற்கும்போது, எனக்குச் செலவு கூடிவிட்டது, விலையைக் கூட்டுகிறேன் என்று மலேசிய ஆலை சொல்ல முடியாது. எனவே, அது செலவின் ஒரு பகுதியைப் பின்னோக்கித் தள்ளும். அதாவது, பழக்குலைக்குக் கொடுக்கும் விலையைக் குறைக்கும். நாட்டின் செம்பனை நிலத்தில் ஏறத்தாழ கால்பங்கு சிறுதோட்டக்காரர்களின் கையில் இருக்கிறது. ஆறு சுத்தமானதற்காக அவர்களும் ஒரு பங்கு செலுத்தியிருக்கிறார்கள். அதை எவரும் ரசீதில் எழுதவில்லை.

குளங்கள் ஆற்றைக் காத்தன, காற்றைக் காக்கவில்லை. ஆழமான குளத்தில் உயிர்வளியின்றி வாழும் நுண்ணுயிர்கள் மாசை உண்டு மீத்தேன் வாயுவை வெளியிடுகின்றன. குளத்தின் மேற்பரப்பில் ஓயாமல் எழும் குமிழிகள் அதுதான். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், மீத்தேன் கரியமிலவாயுவைவிட 25 மடங்குக்கும் மேலாகப் புவியைச் சூடாக்க வல்லது. 1977ஆம் ஆண்டில் விதிகளை எழுதியவர்களின் கவலை ஆறு. புவி வெப்பமடைதல் அன்று அவர்கள் மேசையில் இருந்த சிக்கலன்று.

மீத்தேனைப் பிடிக்கும் வழி எல்லாருக்கும் தெரிந்ததுதான். குளத்தை உறுதியான நெகிழித்தாளால் மூடலாம். அல்லது மூடிய கலனைக் கட்டலாம். ஒரு டன் கழிவுநீரிலிருந்து ஏறத்தாழ 28 கன மீட்டர் உயிரிவாயு கிடைக்கும். அதை எரித்து மின்சாரம் எடுக்கலாம். புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் 2011ஆம் ஆண்டில் வந்தபின், அந்த மின்சாரத்தைக் குறிப்பிட்ட விலைக்கு விற்கவும் வழி பிறந்தது. 2014ஆம் ஆண்டு முதல், புதிய ஆலைகளும் விரிவாக்கம் செய்யும் ஆலைகளும் மீத்தேனைப் பிடிக்கும் ஏற்பாட்டைச் செய்தாக வேண்டும் என்று மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் நிபந்தனை விதித்தது. எல்லா ஆலைகளிலும் 2020ஆம் ஆண்டுக்குள் இவ்வசதி அமைய வேண்டும் என்ற தேசிய இலக்கும் இருந்தது. அது நிறைவேறவில்லை.

காரணம் மறுபடியும் கணக்கில்தான் இருக்கிறது. பழத்தின் நாரையும் கொட்டையின் ஓட்டையும் எரித்தே ஆலை தனக்கு வேண்டிய நீராவியையும் மின்சாரத்தையும் பெற்றுவிடுகிறது. உயிரிவாயு மின்சாரம் அதற்குத் தேவையில்லை. விற்கலாம் என்றால், பல ஆலைகள், குறிப்பாகச் சபாவில் உள்ளவை, மின்கம்பித் தொடருக்கு வெகுதொலைவில் இருக்கின்றன. அதுவரை கம்பி இழுக்கும் செலவு, மின்சாரத்தை விற்று வரும் வருவாயை விழுங்கிவிடும். ஆற்றில் கொட்டியதற்கு விலை வைத்ததுபோல் காற்றில் விடுவதற்கு எவரும் இந்த ஆலைகளிடம் கட்டணம் கேட்டதில்லை. சபா, சரவாக் மாநிலங்களில் சில ஆலைகளுக்கு ஆற்றுநீர் வரம்பு 100இலிருந்து 20ஆக இறுக்கப்பட்டது. அதே ஆலைகளில் மூடாத குளங்கள் இருந்தால், அவற்றின் குமிழிகளுக்கு அப்படி ஒரு வரம்பு இன்னும் இல்லை.