செவ்வாய்த் தடம் – 9: கல் கிழித்த சக்கரம்

சென்ற வாரம் பார்த்தவை கூழாங்கற்கள். க்யூரியாசிட்டி ரோவர் செவ்வாயில் தரையிறங்கிய சில வாரங்களிலேயே, 2012 செப்டம்பரில், கேல் பள்ளத்தில் படமெடுத்தவை. எப்போதோ ஓடிய நீர் உருட்டி உருட்டி மழுக்கிய கற்கள். இந்த வாரக் கற்கள் வேறு ரகம். காற்று தீட்டிக் கூராக்கியவை. இவற்றின் குணத்தை அறிய நிலக்காட்சிப் படங்கள் போதாது. சக்கரத்தின் படங்களைப் பார்க்க வேண்டும்.

ரோவரின் இயந்திரக் கை நுனியில் மாலி என்றொரு கேமரா இருக்கிறது. பாறைகளைக் கிட்டத்தில் பார்க்கவென்றே செய்யப்பட்டது. பொறியாளர்கள் அதையே வயிற்றுக்கடியில் நுழைத்து ஆறு சக்கரங்களையும் படமெடுக்கிறார்கள். 2013 இறுதியில் வந்த படங்கள் அவர்களைத் திடுக்கிட வைத்தன. சக்கரத் தகட்டில் ஓட்டைகள், நீளமான கிழிசல்கள். தேய்மானம் இருக்கும் என்று தெரியும். இவ்வளவு சீக்கிரம் இப்படியா என்பதுதான் அதிர்ச்சி.

அப்படங்களில் ஒன்றை நிதானமாகப் பாருங்கள். செம்புழுதி படிந்த அலுமினியம். குறுக்கே வளைந்து வளைந்து ஓடும் தடித்த வரம்புகள். ஒரு சக்கரத்துக்கு 19. ஓரிடத்தில் மட்டும் ஒழுங்கான சதுரத் துளைகள் வரிசையாக இருக்கும். அவை சேதமல்ல, மனிதர் வெட்டியவை. ரோவரை உருவாக்கிய ஜே.பி.எல். கூடத்தின் மூன்று எழுத்துகள் மோர்ஸ் குறிகளாக அங்கே இருக்கின்றன. சக்கரம் சுழலும்போது அக்குறி மண்ணில் பதியும். பின்னால் திரும்பிப் படமெடுத்தால், எவ்வளவு தூரம் வந்தோம், மணலில் எவ்வளவு வழுக்கினோம் என்று அந்தப் பதிவைக் கொண்டே கணக்கிடலாம். அந்தச் சதுரங்களுக்கு அப்பால், கோணல்மாணலாகப் பிய்ந்து கிடக்கும் ஓட்டைகள்தான் கல்லின் வேலை.

வரம்புகளுக்கு இடையிலுள்ள தகட்டின் கனம் 0.75 மில்லிமீட்டர். நம் சட்டைப்பையிலுள்ள ஏ.டி.எம். அட்டையின் கனம். பூமியில் நிறுத்தால் ரோவர் சுமார் 900 கிலோ. செவ்வாயின் ஈர்ப்பில் எடை அதில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் குறைவுதான். ஆகவே பாரம் மட்டுமே காரணமில்லை. தரையில் தளர்வாகக் கிடக்கும் கல் சக்கரம் ஏறினால் நகர்ந்துகொள்ளும். கேல் பள்ளத்தின் அந்தப் பகுதியில் கற்கள் நகரவில்லை. தரையோடு தரையாக இறுகிப்போன பாறையைக் காற்று காலங்காலமாக அரித்து, முனைகளை மட்டும் மேலே விட்டுவைத்திருந்தது. முன்சக்கரமோ நடுச்சக்கரமோ அப்படியொரு முனையில் முட்டினால், மற்றச் சக்கரங்கள் அதைப் பின்னாலிருந்து தள்ளும். கல்லும் விலகாது, சக்கரமும் நிற்காது. நடுவில் கிழிவது தகடு.

இதற்குப் பிறகு பயணத்தின் போக்கே மாறிவிட்டது. என் பார்வையில் 2014இன் படங்கள் அனைத்தையும் இந்தக் கிழிசலை மனதில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு பிப்ரவரியில் ‘டிங்கோ கேப்’ என்ற இடைவெளியில் சுமார் ஒரு மீட்டர் உயர மணல்மேட்டை ரோவர் ஏறிக் கடந்தது. படம் அழகாக இருக்கிறது. அழகுக்காகப் போன வழியல்ல. கூர்ங்கற்கள் குறைந்த பாதையைத் தேடிப் போனார்கள். அதே மாதம், ஒரே நாளில் சுமார் 100 மீட்டர் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தார்கள். பின்னோக்கி ஓடும்போது முன்சக்கரங்களையும் நடுச்சக்கரங்களையும் கல்மேல் தள்ளாமல் இழுத்துச் செல்லலாம், அடி குறையும். மணலும் எப்போதும் துணை நிற்கவில்லை. ஆகஸ்டில் ‘ஹிடன் வேலி’யில் சக்கரங்கள் வழுக்க, வந்த வழியே திரும்ப வேண்டியதாயிற்று. கல்லுக்கும் மணலுக்கும் நடுவே வழி பார்த்துத்தான் பயணத்தின் இலக்கான ஷார்ப் மலையின் அடிவாரத்தை அடைந்தார்கள்.

2017 மார்ச்சில், 16 கிலோமீட்டர் கடந்திருந்த நிலையில், இடது நடுச்சக்கரத்தில் இரண்டு வரம்புகள் முறிந்திருப்பதை மாலி காட்டியது. தகடு கிழிவதைவிட இது பெரிய விஷயம். சக்கரத்தின் பாரத்தைத் தாங்குபவை வரம்புகள்தான். ஒரு சக்கரத்தில் மூன்று வரம்புகள் முறிந்தால் அதன் ஆயுளில் 60 சதவீதம் கழிந்ததாகக் கொள்ளலாம் என்று பூமியில் நடத்திய சோதனைகள் சொல்லியிருந்தன. அதே ஆண்டு ஒரு புதிய மென்பொருள் பயன்பாட்டுக்கு வந்தது. எந்தச் சக்கரம் கல்மேல் ஏறுகிறது என்பதைக் கவனித்து ஒவ்வொன்றின் வேகத்தையும் தனித்தனியே மாற்றும் ஏற்பாடு அது. கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வண்டியின் சக்கரத்தை மாற்ற முடியாது, சுற்றும் விதத்தை மாற்றலாம் என்று யோசித்தவர்களை நினைத்தால் எனக்கு மரியாதை கூடுகிறது.

அதன் பிறகும் கல் வழிமறித்தது. 2022 மார்ச்சில் ‘கிரீன்ஹியூ’ மேட்டில் எதிர்ப்பட்ட பாறைப்பரப்பு முதலையின் முதுகுச் செதில்களைப் போலிருக்க, அப்பாதையைக் கைவிட்டுத் திரும்பினார்கள். அங்கே நாம் பார்த்திருக்கக்கூடிய எத்தனையோ படங்கள் அதனால் இல்லாமல் போயின.

2024 மே மாதம் நிலைமை தலைகீழானது. ‘கெடிஸ் வாலிஸ்’ கால்வாயில் ரோவர் ஏறிப்போன கல்லொன்று நொறுங்கியது. மே 30இல் எடுத்த படத்தில், பிளந்த கல்லுக்குள் மஞ்சள் படிகங்கள் தெரிந்தன: தூய கந்தகம். கந்தகம் கலந்த உப்புகள் செவ்வாயில் ஏராளம். கலப்பில்லாத கந்தகத்தை அதுவரை அங்கே யாரும் கண்டதில்லை. துளையிட்டு மாதிரி எடுக்கலாமென்றால் அந்தக் கற்கள் சிறியவை, எளிதில் உதிர்பவை. அதனால் பக்கத்தில் ‘மம்மத் லேக்ஸ்’ என்று பெயரிட்ட பெரிய பாறையில் துளையிட்டார்கள். அந்தக் கால்வாயின் படங்களை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)