கொதிக்க வைத்தாலும் நீங்காதது

தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும் என்பது நம் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியிலேயே மனனம் செய்யும் பாடம். நல்ல பாடந்தான், கொதிநீரில் நோய்க்கிருமிகள் மடிகின்றன. ஆயினும் தர்மபுரி மாவட்டத்தின் பல சிற்றூர்களில் இப்பாடம் மட்டும் போதாது.

இம்மண்ணின் பாறைகளில் உள்ள ஃபுளோரைடு என்னும் உப்பு நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. ஒரு லிட்டர் குடிநீரில் அது 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. மிகுமாயின், வளரும் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படியும். மிக அதிகமான அளவில் பல்லாண்டு பருகுவோர்க்கு எலும்புகளும் மூட்டுகளும் இறுகி, குனிந்து நிமிர்வதே துன்பமாகிவிடும். கொதிக்க வைப்பதால் இவ்வுப்பு நீங்குவதில்லை. நீர் ஆவியாகிக் குறைவதால், எஞ்சிய நீரில் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். கிருமியைக் கொல்வது வேறு. கரைந்த உப்பைப் பிரிப்பது வேறு. காரணம் அறியாது விதியை மட்டும் ஒப்புவிக்கும் பிள்ளைக்கு இவ்வேறுபாடு எங்ஙனம் விளங்கும்?

கல்வியாளர் இக்குறையை உணராதவர் அல்லர். 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கல்விக் குழுவின் தலைவர் டாக்டர் கோத்தாரி, தாமே ஓர் இயற்பியல் அறிஞர். பள்ளியின் முதல் பத்தாண்டுகளில் அறிவியலும் கணிதமும் அனைவர்க்கும் கட்டாயப் பாடமாதல் வேண்டும் என அக்குழு பரிந்துரைத்தது. 1978-இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மேல்நிலைக் கல்வி தொடங்கியது. பாடங்கள் வளர்ந்தன, மனப்பாடமும் உடன் வளர்ந்தது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைப் புறக்கணித்து, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டும் உருப்போட வைத்த பள்ளிகள் பல. அதனைத் தடுக்கவே 2017-18 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-இல் அது கைவிடப்பட்டது. சமச்சீர் கல்வியோடு பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைத் தேர்வுக்கு 25 மதிப்பெண் ஒதுக்கப்பட்டது. 2022-இல் தொடங்கிய வானவில் மன்றம், அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கே சோதனைக் கருவிகளைக் கொண்டு சென்றது.

இவையனைத்தும் நற்பணிகளே. ஆனால் சோதனை நம் ஊர்க் கிணற்றடிக்கு வரும்போதன்றோ அது முழுமை பெறும்! 2008-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 2013-இல் திறக்கப்பெற்ற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொணர்ந்தது. ஃபுளோரைடு நோயைத் தணிப்பதே அதன் நோக்கம். எனினும் குழாயில் நீர் வராத நாளில் நம் கை ஆழ்துளைக் கிணற்றையே நாடுகிறது. அந்நீரை ஆய்ந்தறிவது கடினமன்று. சிர்கோனியமும் அலிசரினும் சேர்ந்த இளஞ்சிவப்புக் கரைசலை நீரில் கலந்தால், ஃபுளோரைடு மிகுந்தவிடத்து நிறம் மஞ்சளை நோக்கி மாறும். ஆசிரியர் துணைநிற்க, உயர்நிலைப் பள்ளி மாணவரே இதனைச் செய்து பார்க்கலாம். வேதிவினை, செறிவு, நிலநூல், உடல்நலம் ஆகிய நான்கு பாடங்களும் ஒரு குவளை நீரில் அடங்கிவிடும்.

அன்புள்ள பெற்றோரே, பள்ளியிலிருந்து திரும்பும் மகனையும் மகளையும் நாம் முதலில் கேட்பது என்ன? "எத்தனை மதிப்பெண்?" என்பதுதானே! "இன்று எதைச் சோதித்தறிந்தாய்?" என்றும் கேட்போம். நம் வீட்டுக் குடத்தில் உள்ள நீர் எத்தகையது என்று அறிந்து சொல்லும் பிள்ளையே அறிவியலைக் கற்ற பிள்ளை.