ஏழாண்டுக் குத்தகைக்கு எங்கே போவது?

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் ஆலை மதில்களுக்கு நடுவே துண்டு துண்டாக நிலங்கள் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் இன்னும் நெல் நடுகிறார்கள், கத்தரியும் வெண்டையும் போடுகிறார்கள். கிணற்று மோட்டாரைப் போட்டால், தண்ணீர் பாத்திக்குப் போய்ச் சேருமுன் மண் வாய்க்காலே ஒரு பங்கைக் குடித்துவிடுகிறது. அந்த வாய்க்காலுக்குப் பதில் கறுப்பு பிளாஸ்டிக் குழாயைச் செடியின் வேரடிவரை இழுத்துவிட்டால் நீரும் மிஞ்சும், மின்சாரமும் மிஞ்சும். அதற்கு அரசு மானியமும் உண்டு.

சொட்டுநீர், தெளிப்புநீர்ப் பாசனக் கருவிகளுக்கு மத்திய அரசு விதிப்படி சிறு, குறு விவசாயிக்கு 55 சதவீதம், மற்றவர்களுக்கு 45 சதவீதம் மானியம். தமிழக அரசு தன் பங்கையும் சேர்த்து, 5 ஏக்கர் வரை உள்ளவருக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் தருகிறது. பணம் விவசாயி கைக்கு வராது. கருவி பொருத்தி, அதிகாரிகள் வயலைப் பார்த்துச் சரி என்ற பிறகு நிறுவனத்துக்குப் போகும். கேட்கும் காகிதங்கள்: சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், தாசில்தார் தரும் சிறு, குறு விவசாயி சான்று.

சிக்கல் சிட்டாவில் தொடங்குகிறது; அது நில உரிமையாளர் பெயரில்தான் இருக்கும். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. அதன் பின்னே ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் சிப்காட் பூங்காக்கள் விரிந்தன. நிலத்தின் மதிப்பு விளைச்சலை விட்டு விலகிப் போனது. பட்டா ஒருவர் பெயரில், ஏர் இன்னொருவர் கையில் என்பது இங்கே சாதாரணம். குத்தகையும் வாய்ப்பேச்சுதான், போகத்துக்கு இத்தனை மூட்டை என்று பேசி முடிப்பதோடு சரி.

குத்தகை நிலத்துக்கும் மானியம் உண்டு என்றுதான் விதி சொல்கிறது. ஆனால் விண்ணப்பித்த நாளிலிருந்து 7 ஆண்டுகளுக்குக் குறையாத ஒப்பந்தம் வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தாக வேண்டும். நாளைக்கே விலை பேசக் காத்திருக்கும் உரிமையாளர் எவர் 7 ஆண்டுக்கு எழுதிக் கொடுப்பார்? சாகுபடிக் குத்தகைதாரரை எளிதில் வெளியேற்ற முடியாதபடி 1955-ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. உழுபவருக்காக வந்த அந்தச் சட்டத்துக்குப் பயந்தே குத்தகையைக் காகிதத்தில் ஏற்ற மறுக்கிறார்கள் என்பது என்னை உறுத்துகிறது.

பி.எம். கிசான் உதவித்தொகைத் திட்டத்திலும் இதே கதை. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை; நிலம் தன் பெயரில் இருப்பவருக்கு மட்டும்.

அமெரிக்காவில் 1985 முதல், மண்ணைக் காக்க நிலத்தில் பயிரிடுவதை நிறுத்திப் புல்லோ மரமோ வளர்ப்பவருக்கு அரசே 10 முதல் 15 ஆண்டுவரை வாடகை தருகிறது. நீண்ட ஒப்பந்தம் அங்கே அரசு தரும் உறுதி. இங்கேயோ அதை உழுபவரே தேடிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது.

சொட்டுநீர்க் குழாயைச் சுருட்டி அடுத்த வயலுக்கு எடுத்துப் போகலாம். நிலத்தோடு புதைந்து போகிற சொத்தல்ல அது. எனவே 7 ஆண்டு நிபந்தனையைத் தளர்த்தி, இந்தப் போகத்தில் இந்த சர்வே எண்ணில் பயிர் செய்பவர் இவர் என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் சான்றை ஏற்க வேண்டும். மத்திய, மாநில வேளாண் துறைகள் இதை உடனே செய்ய வேண்டும்.