விந்தகத்தின் செவிலித்தாய்

கல்யாணமாகி இரண்டு வருடம் ஓடியும் விசேஷம் இல்லையென்றால், முதலில் ஸ்கேன் அறைக்குப் போவது பெண்தான். நீர்க்கட்டியா, குழாய் அடைப்பா என்று அவளுக்கு எல்லாச் சோதனையும் முடிந்த பிறகுதான், “எதுக்கும் அவரும் ஒரு டெஸ்ட் குடுத்துடட்டும்” என்பார்கள். குழந்தையின்மையில் ஏறக்குறையப் பாதிக்கு ஆணின் பக்கத்துக் காரணமும் சேர்ந்தே இருக்கிறது. வலியில்லாத, செலவு குறைந்த சோதனையும் அவருடையதுதான். ஒரு சின்ன டப்பா. ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்த்தால் போதும். அதைக் கடைசிக்குத் தள்ளுவதற்கு மருத்துவக் காரணம் எதுவுமில்லை.

ரிப்போர்ட்டில் எல்லோர் கண்ணும் போவது விந்தணு கவுன்ட் மேல். மில்லி லிட்டருக்கு 1.6 கோடி என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன கீழ் எல்லை. அதற்குக் கீழே போனால் அப்பாவாகவே முடியாது என்று அர்த்தமில்லை. ஒரு வருடத்துக்குள் மனைவி கருவுற்ற ஆண்களிலேயே நூற்றுக்கு ஐந்து பேர் அந்த எல்லைக்குக் கீழேதான் இருந்தார்கள்.

எண்ணிக்கை எப்போது முடிவாகிறது?

1865இல் இத்தாலியைச் சேர்ந்த என்ரிக்கோ செர்டோலி, விந்தகத்தின் நுண்குழல்களுக்குள் கிளை விரித்து நிற்கும் ஒருவகை செல்களை நுண்ணோக்கியில் கண்டு எழுதினார். இன்று அவற்றுக்கு அவர் பெயர்தான். விந்தணுவாக வளரப்போகும் செல்களைத் தன் மடிப்புகளில் தாங்கி, ஊட்டி, அவை கழிப்பதை அப்புறப்படுத்தி, உடலின் எதிர்ப்புச் சக்தி அவற்றை அந்நியர் என்று தாக்காமல் சுவர் கட்டிக் காப்பது செர்டோலி செல். செவிலித்தாய் வேலை. ஆனால் ஒரு செவிலி இத்தனை பிள்ளைகளைத்தான் வளர்க்க முடியும். ஆகவே எத்தனை செர்டோலி செல்கள் இருக்கின்றன என்பதே ஓர் ஆணின் விந்தணு உற்பத்திக்கு உச்சவரம்பு. அந்த எண்ணிக்கையோ, கருவிலும் சிறுவயதிலும் பெருகி, பூப்புப் பருவத்தோடு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. முப்பது வயதில் பார்க்கும் கவுன்ட்டின் ஒரு பங்கு மீசை முளைக்கும் முன்பே தீர்மானமாகிவிட்டது என்று சொல்லலாம்.

பெருகுவதும் முதிர்வதும்

கருவின் ஆறாவது, ஏழாவது வாரத்தில் ஒய் குரோமோசோமிலுள்ள எஸ்.ஆர்.ஒய். மரபணு விழித்து, சாக்ஸ்9 என்ற இன்னொன்றை எழுப்புகிறது. செர்டோலி செல் பிறப்பது அப்படித்தான். பிறகு மூளைக்கடியிலுள்ள பிட்யூட்டரி அனுப்பும் எஃப்.எஸ்.எச். ஹார்மோன் அதைப் பெருகச் சொல்கிறது. “போதும், இனி முதிர்ச்சி அடை” என்று நிறுத்துவதில் தைராய்டு ஹார்மோனுக்கும் ஆண் ஹார்மோனுக்கும் பெரிய பங்கு. தைராய்டு குறைபாட்டுக்கு நெடுநாள் சிகிச்சை எடுக்காத சில சிறுவர்களுக்கு, பருவ வளர்ச்சியின் மற்ற அடையாளங்கள் இல்லாமலே விந்தகம் மட்டும் பெருத்திருப்பதை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

முதிர்ந்த செல் அப்படியே நிலைத்துவிடும் என்றுதான் நெடுநாள் எண்ணம். 2011இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில், வளர்ந்த ஆண் எலிகளின் செர்டோலி செல்களில் டி.எம்.ஆர்.டி.1 என்ற மரபணுவை மட்டும் நீக்கிப் பார்த்தார்கள். அந்தச் செல்கள் சினைப்பையில் இருக்கும் செல்களைப் போல மாறத் தொடங்கின. ஆணின் செல்லை ஆணின் செல்லாகவே வைத்திருப்பதற்கு ஒரு மரபணு வாழ்நாள் முழுக்க வேலை பார்க்க வேண்டியிருக்கிறது!

விடுபட்ட துண்டு

விந்தில் ஓர் அணுகூட இல்லாத சிலருக்கு ஒய் குரோமோசோமின் நீண்ட கையில் ஒரு பகுதி காணாமல் போயிருப்பதை 1976இல் டியெபோலோ, சுஃபார்டி என்ற இத்தாலிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இன்று அந்தப் பகுதியை ஏ.இசட்.எஃப். ஏ, பி, சி என்று பிரிக்கிறார்கள். ஹைதராபாத் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தில் குமாரசாமி தங்கராஜ் குழுவினர் இந்திய ஆண்களிடமும் இந்த இழப்பை ஆராய்ந்திருக்கிறார்கள்.

எழுத்து மாறினால் கதை மாறும். ‘ஏ’ முழுதும் போயிருந்தால் குழல்களில் செர்டோலி செல்கள் மட்டுமே மிஞ்சும். விந்தணு தேடி விந்தகத்தில் கத்தி வைப்பதில் பயனில்லை. ‘சி’ மட்டும் போயிருந்தால், நுண்ணோக்கி அறுவையில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு விந்தணு கிடைக்கிறது. அதை வைத்துப் பிறக்கும் மகனுக்கும் அதே குறை போகும். இதெல்லாம் ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அறுவைக்குக் கையெழுத்துப் போடும் முன் “ஒய் டெலீஷன் டெஸ்ட் எடுத்தாச்சா, குரோமோசோம் டெஸ்ட் எடுத்தாச்சா?” என்று கேளுங்கள். எக்ஸ் ஒன்று கூடுதலாக உள்ள கிளைன்ஃபெல்டர் நிலை பலருக்குத் தெரிய வருவதே பிள்ளை இல்லாதபோதுதான்.

74 நாள் கணக்கு

ஒரு விந்தணு உருவாகச் சுமார் 74 நாள்; வெளிவரத் தயாராக மேலும் ஓரிரு வாரம். போன மாதம் அடித்த கடும் காய்ச்சலின் விளைவு இந்த ரிப்போர்ட்டிலோ அடுத்ததிலோ தெரியும். ஒரே ரிப்போர்ட்டைப் பார்த்து இடிந்து போகாமல், இடைவெளி விட்டு இன்னொன்று எடுக்க வேண்டும். ‘15 நாளில் கவுன்ட் ஏறும்’ என்ற சுவரொட்டி இந்தக் கணக்கிலேயே அடிபட்டுப் போகிறது.

ஜிம்மில் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ரத்தத்தில் ஹார்மோன் நிறைந்ததும் பிட்யூட்டரி தன் கட்டளையை நிறுத்திவிடும். விந்தகத்துக்குள் ஹார்மோன் வற்றும். கவுன்ட் பூஜ்யத்துக்கே போகலாம். ஊசியை விட்டாலும் மீள மாதக்கணக்காகும்.

சிறுவயதிலேயே கவனிக்க வேண்டியவையும் உண்டு. ஆறு மாதமாகியும் ஆண் குழந்தையின் விந்தகம் விரைப்பைக்குள் இறங்கவில்லையென்றால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அறுவை தேவைப்பட்டால் ஒன்றரை வயதுக்குள் முடிப்பது நல்லது.

பதினான்கு வயதாகியும் பருவமாற்றம் தொடங்காத பையனையும் காட்ட வேண்டும். அவனுக்கு மல்லிகை வாசமோ காபி வாசமோ தெரியாது என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். கால்மன் நோய்க்குறியாக இருக்கலாம். அது விந்தகத்தின் குறையல்ல. மேலிருந்து கட்டளைதான் வராது. டெஸ்டோஸ்டிரோன் மட்டும் கொடுத்தால் தாடி வரும், விந்தணு வராது. எச்.சி.ஜி., எஃப்.எஸ்.எச். ஹார்மோன் ஊசிகளைப் பொறுமையாகத் தொடர்ந்தால் பலருக்கு விந்தணுவும் வருகிறது. விந்தகம் மிகச் சிறிதாக இருப்பவர்களுக்கு எஃப்.எஸ்.எச்.ஐ முதலில் தனியாகக் கொடுத்தும் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள்: செர்டோலி செல்கள் முதிர்வதற்கு முன் கொஞ்சம் பெருகிக்கொள்ளட்டும் என்று.