வங்காலைச் சேற்றிலிருந்து வடதுருவ வட்டம் வரை

மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலத்தின் இருபுறமும், தெற்கே வங்காலை வரையிலும், கடல் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத ஒரு வெளி கிடக்கிறது. மாரி மழைக்குப் பின் அங்கே முழங்காலளவு தண்ணீர் நிற்கும். சோளகக் காற்று வீசத் தொடங்கினால் அது வற்றி, உப்புப் பூத்த களிமண்ணாக வெடித்துவிடும். புரட்டாதி தொடங்கிப் பங்குனி வரை இந்த வெளியில் ஊசிவால் தாராக்களும் உள்ளான்களும் கோட்டான்களும் ஆலாக்களும் பூநாரைகளும் இரை தேடுகின்றன. பருவத்தில் 20,000 பறவைகளுக்கு மேல் இங்கே கூடுவதுண்டு. இதில் 4,839 ஹெக்டேயர் பரப்பு 2008இல் வங்காலைச் சரணாலயமானது. 2010இல் அது இலங்கையின் நான்காவது ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது.

இலங்கையின் காட்டுயிர் ஆய்வு என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சிங்கராஜா மழைக்காடுதான். பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாகச் சேர்ந்து இரை தேடுவது அங்கே 1981 முதல் தொடர்ந்து ஆராயப்பட்டு வருகிறது. மன்னார் அதற்கு நேரெதிரான நிலம். ஆண்டு மழை ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர், அதிலும் பெரும்பகுதி வாடைக்காற்றுக் காலத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு உடைமரங்களும் முட்புதர்களும் மாதக்கணக்கில் வறட்சியைத் தாங்கி நிற்கும். உள்நாட்டுப் போர் நீடித்த ஆண்டுகளில் ஆய்வாளர்கள் இங்கே வந்து போவதும் எளிதாக இருக்கவில்லை. இந்த வறண்ட கரையின் அறிவியல் மதிப்பு பிந்தித் தெரியவந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பறவைகள் இங்கே வந்து தங்குவதற்கு முதற்காரணம் புவியியல். சைபீரியாவிலிருந்தும் நடு ஆசியாவிலிருந்தும் தெற்கே இறங்கும் வலசைப் பாதை இந்தியாவைக் கடந்து இலங்கையில் முடிகிறது. அதற்கப்பால் அண்டார்க்டிகா வரை திறந்த கடல். வந்த பறவை இங்கே குளிர்காலத்தைக் கழித்தாக வேண்டும். அதற்கு வேண்டிய உணவு சேற்றில் இருக்கிறது. புழு, சிறு மட்டி, இறால் குஞ்சு, நண்டு எல்லாம் வெவ்வேறு ஆழத்தில் வாழ்கின்றன. குட்டை அலகுள்ள உள்ளான் மேற்பரப்பில் பொறுக்குகிறது. வளைந்த நீள அலகுள்ள கோட்டான் நண்டு வளைக்குள் துழாவுகிறது. பூநாரை தலையைக் கவிழ்த்து நீரை வடிகட்டுகிறது. ஒரே சேற்றில் இத்தனை இனங்கள் பிழைப்பது இதனால்தான்.

தரைப் பறவைகளிலும் மன்னாருக்குத் தனித்தன்மை உண்டு. கௌதாரி, கரிச்சான், கழுத்தில் கறுப்பு வளையமுள்ள சாம்பற்புறா ஆகியவை தமிழ்நாட்டில் வயல்வெளி எங்கும் காணப்படுபவை. இலங்கையிலோ அவை பெரும்பாலும் வடக்கோடும் வடமேற்கோடும் நின்றுவிடுகின்றன. பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது இரு நிலங்களும் ஒன்றாகக் கிடந்தன. அந்தத் தொடர்பின் தடம் இன்னும் இப்பறவைகளின் பரவலில் தெரிகிறது.

வந்த பறவை எங்கிருந்து வந்தது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. அதற்கான பழைய வழி காலில் வளையமிடுதல். கோடியக்கரை உட்பட இந்தியாவின் பல இடங்களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் சலீம் அலி தலைமையில் அதைப் பெருமளவில் செய்தது. அதைத் தூண்டியது ஒரு காட்டு நோய். 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகளையும் மனிதரையும் கொன்ற வைரஸ் ரஷ்யாவில் அறியப்பட்டிருந்த ஒரு வைரஸை ஒத்திருந்தது. வலசைப் பறவைகளின் உடலில் ஒட்டிய உண்ணிகள் அதைக் கொண்டுவந்திருக்குமோ என்ற ஐயத்தில் உலக சுகாதார நிறுவனம் இந்த ஆய்வுக்கு உதவியது. ஆனால் வளையம் பேச வேண்டுமானால் அதே பறவை இன்னோரிடத்தில் யார் கையிலாவது சிக்க வேண்டும். ஆயிரத்தில் மிகச் சிலவே அப்படிச் சிக்கின.

இந்த இடைவெளியை நிரப்பியது சூரிய ஒளியில் இயங்கும் ஜிபிஎஸ் கருவி. அதைப் பறவையின் முதுகில் கச்சைபோல் கட்டிவிடுகிறார்கள். பறப்பதற்குத் தடையாகாதபடி அதன் எடை பறவையின் எடையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்குக்குள் இருக்க வேண்டும். கருவி குறித்த இடைவெளியில் இடத்தைப் பதிந்து, கைத்தொலைபேசி அலைவரிசை கிடைக்கும்போது அனுப்புகிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சம்பத் செனவிரத்னவும் குழுவினரும் சீன அறிவியல் கழகத்தின் ஒத்துழைப்போடு மன்னாரில் 2021இல் இவ்வேலையைச் செய்தனர். கருவி பொருத்தப்பட்டவற்றில் ஹியூக்ளின் கடற்காகங்கள் இரண்டுக்கு மேகா, மன்னாரி என்று பெயர் வைத்தார்கள். மேகா இந்தியாவையும் நடு ஆசியாவையும் கடந்து ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தை எட்டியது. அது துருவ வட்டத்துக்கும் வடக்கே உள்ள, கோடையில் மட்டும் பனி உருகும் நிலம். நேர்கோட்டில் அளந்தாலே 6,500 கிலோமீட்டருக்கு மேல் வரும். தலைமன்னார் மீன் வாடிகளைச் சுற்றி, கருவாட்டுக் கழிவுக்குச் சண்டையிடும் ஒரு சாதாரணப் பறவையின் பயணம் இது.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளும் மணல் தீடைகள் இன்னொரு உலகம். ஆலாக்கள் வெறும் மணலில் முட்டையிடும் இப்பகுதியை இலங்கை 2015இல் கடல்சார் தேசியப் பூங்காவாக்கியது. இக்கரைகளில் காணப்படும் நண்டுண்ணி, தனக்கென ஒரு குடும்பமே கொண்ட ஒற்றை இனம். கறுப்பு வெள்ளை உடலும் நண்டை உடைக்கும் தடித்த அலகும் அதற்கு. உள்ளான் கூட்டத்தில் எதுவும் செய்யாததை அது செய்கிறது: மணலில் நீண்ட வளை தோண்டி, உள்ளே ஒரேயொரு வெள்ளை முட்டை இடுகிறது. வெயிலில் சூடேறிய மணலே முட்டைக்கு வேண்டிய வெப்பத்தின் பெரும்பகுதியைத் தருகிறது.

பறவைகளைச் சுமந்து வரும் அதே காற்று மின்சாரமும் தருகிறது. தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளோடு 103.5 மெகாவாட் தம்பபவனி நிலையம் 2020 டிசம்பரில் தொடங்கியது. அதன்பின் முன்வைக்கப்பட்ட 250 மெகாவாட் திட்டத்துக்கு எதிராக உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் தொடரப்பட்டன. அத்திட்டத்தை ஏற்றிருந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. காற்றாலை வேண்டுமா, வேண்டாமா என்பதைவிட எங்கே, எந்த உயரத்தில் என்பதே ஆய்வாளர்கள் கேட்கும் கேள்வி. சுழலும் இறக்கையைவிடச் சில சமயம் மின்கம்பி கூடுதல் ஆபத்தானது. பூநாரைகள் இருட்டிலும் கூட்டமாக இடம்பெயர்பவை. எதிரே குறுக்கிடும் மெல்லிய கம்பி அவற்றுக்குப் புலப்படுவதில்லை. கருவி கட்டிய பறவை எந்த நேரத்தில், எவ்வளவு உயரத்தில், எந்தப் பாதையில் பறந்தது என்ற பதிவு இந்த இடத்தில்தான் பெரிதும் உதவுகிறது.

சித்திரை பிறக்கையில் பெரும்பாலான பறவைகள் கொழுப்பேற்றிக்கொண்டு வடக்கே கிளம்பிவிடுகின்றன. எல்லாமே போவதில்லை. இனப்பெருக்க வயதை எட்டாத இளம் உள்ளான்களும் கோட்டான்களும் அந்தக் கோடையை மன்னாரிலேயே கழிக்கின்றன. சோளகம் சேற்றைக் காயவைக்க, அவை கொஞ்சம் கொஞ்சமாகக் கடலோரத்து ஈரத்துக்கு ஒதுங்குகின்றன. மற்றவை திரும்பி வரும்வரை அந்தக் கரை அவற்றுடையது.