பச்சிளம் குழந்தைகளுக்கு டயாலிசிஸ்: நீண்டகால விளைவுகள்

பச்சிளம் குழந்தைகளுக்கான டயாலிசிஸ் என்பது, பிறந்த சில நாட்களிலோ மாதங்களிலோ சிறுநீரகங்கள் நிலையாகச் செயலிழந்துவிட்ட குழந்தையின் உடலிலிருந்து கழிவுகளையும் மிகையான நீரையும் செயற்கை முறையில் வெளியேற்றும் சிகிச்சை ஆகும். இது நோயைக் குணப்படுத்துவதில்லை. சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சையைத் தாங்கும் அளவுக்குக் குழந்தை வளரும்வரை அதன் உயிரைக் காக்கும் இடைக்கால ஏற்பாடே இது.

காரணங்கள்

பெரியவர்களின் சிறுநீரகச் செயலிழப்புக்கு நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் முதன்மைக் காரணங்கள். குழந்தைகளின் நிலை வேறு. கருவிலேயே சிறுநீரகங்கள் சரியாக உருவாகாமல் போவதே இவர்களிடம் அதிகம் காணப்படுகிறது. ஆண் குழந்தைகளின் சிறுநீர்ப் பாதையில் சவ்வு போன்ற தடுப்பு இருந்து, சிறுநீர் பின்னோக்கித் தேங்குவதாலும் சிறுநீரகம் கெடலாம். பரம்பரையாக வரும் நீர்க்கட்டி நோயும், சிறுநீரில் புரதம் ஒழுகும் பிறவி நெஃப்ராட்டிக் நோயும் பிற காரணங்களாகும்.

கர்ப்பத்தின் பிற்பாதியில் பனிக்குட நீரின் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீரே. சிறுநீரகம் இயங்காவிட்டால் அந்த நீர் குறைகிறது. நீர் குறைந்தால் நுரையீரலும் வளர்வதில்லை. எனவே இக்குழந்தைகளில் சிலருக்குப் பிறந்தவுடன் மூச்சுவிடுவதே முதல் போராட்டமாகிறது.

சிகிச்சை முறை

குழந்தையின் உடலில் ஒரு கிலோ எடைக்குச் சுமார் 80 மில்லிலிட்டர் இரத்தமே இருக்கும். மூன்று கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது ஒரு தம்ளர் அளவுதான். அதை வெளியே எடுத்து இயந்திரத்தில் சுத்திகரித்துத் திருப்பி அனுப்புவது கடினம். இரத்தக் குழாய்களும் மிக மெல்லியவை. ஆகவே வயிற்றின் உட்சவ்வையே வடிகட்டியாகப் பயன்படுத்தும் முறை விரும்பப்படுகிறது. வயிற்றில் பொருத்திய மென்குழாய் வழியாகத் திரவம் செலுத்தப்பட்டு, கழிவுகளை ஏற்றபின் வெளியே எடுக்கப்படுகிறது. குழந்தை உறங்கும் இரவு நேரத்தில் வீட்டிலேயே சிறு இயந்திரம் இதைச் செய்துவிடும். பெற்றோர் இதற்குப் பயிற்சி பெறுகின்றனர்.

தற்காலிகச் செயலிழப்பில் உதவ, பச்சிளம் குழந்தைகளுக்கென்றே சிறிய இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரம் ஒன்றை இத்தாலியின் விச்சென்சா நகரில் கிளாடியோ ரோங்கோ குழுவினர் உருவாக்கி, 2013இல் முதன்முதலில் பயன்படுத்தினர்.

உயிர் பிழைக்கும் வாய்ப்பு

பிறந்த முதல் மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கிய 264 குழந்தைகளின் பதிவுகளை 32 நாடுகளிலிருந்து தொகுத்த ஆய்வு 2014இல் வெளியானது. அதன்படி 2 ஆண்டுகள் பிழைத்திருந்தோர் 81 விழுக்காடு. 5 ஆண்டுகள் பிழைத்திருந்தோர் 76 விழுக்காடு. இறப்புக்கு முதன்மைக் காரணம் நோய்த்தொற்று.

இந்த எண்களைக் கவனத்துடன் படிக்க வேண்டும். சிகிச்சை தொடங்கப்படாமலே இறந்த குழந்தைகள் இக்கணக்கில் இல்லை. நுரையீரல், மூளை, இதயம் ஆகியவற்றிலும் குறை உள்ள குழந்தைகளின் வாய்ப்பு சராசரியைவிடக் குறைவு.

வளர்ச்சியும் கல்வியும்

முதல் ஆண்டில் உடல் வளர்ச்சி பெரிதும் உணவைச் சார்ந்தது. இக்குழந்தைகளுக்குப் பசி குறைவு, வாந்தி மிகுதி. ஆகவே பலருக்கு மூக்கு வழியாகவோ வயிற்றில் நேரடியாகவோ பொருத்திய குழாய் மூலம் பால் தரப்படுகிறது. சிகிச்சைத் திரவத்தோடு உப்பும் புரதமும் வெளியேறுவதால் அவற்றையும் ஈடுகட்ட வேண்டும். இவ்வளவு செய்தும் உயரக் குறைவு, இரத்தசோகை, உயர் இரத்த அழுத்தம் ஆகியவை பாதிக்கு மேற்பட்டோரிடம் நீடிப்பதாக மேற்கண்ட ஆய்வு கூறியது.

நடத்தல், பேசுதல் ஆகியவை தாமதமாகலாம். முன்பு பாஸ்பரசைக் கட்டுப்படுத்தத் தரப்பட்ட அலுமினியம் கலந்த மருந்துகள் மூளையைப் பாதித்தன; அவை கைவிடப்பட்ட பின் நிலைமை மேம்பட்டது. இன்று பலர் சாதாரணப் பள்ளிகளில் பயில்கின்றனர். சிலருக்குச் சிறப்புக் கல்வி தேவைப்படுகிறது.

மாற்றுச் சிறுநீரகமும் அதன் பின்னரும்

குழந்தை சுமார் 10 கிலோ எடையை எட்டியதும் பல மையங்கள் மாற்று அறுவை சிகிச்சை செய்கின்றன. பல நேரங்களில் தாய் அல்லது தந்தையின் சிறுநீரகம் பொருத்தப்படுகிறது. அதன்பின் வளர்ச்சி வேகம் கூடுகிறது. ஆனால் பொருத்திய சிறுநீரகம் வாழ்நாள் முழுவதும் உழைப்பது அரிது. எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் மருந்துகளை நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். பதின்ம வயதில் அவற்றைத் தவறவிடுவதால் சிறுநீரகத்தை இழப்போர் உண்டு. அவர்கள் மீண்டும் டயாலிசிசுக்குத் திரும்பி, மறுமுறை மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருக்க நேரிடும். இதயமும் இரத்தக் குழாய்களும் இளம் வயதிலேயே பாதிக்கப்படுவது மற்றோர் ஆபத்து.

பெற்றோரின் முடிவு

பிற உறுப்புகளிலும் கடும் குறை உள்ள குழந்தைக்கு டயாலிசிசைத் தொடங்குவதா, வலியைத் தணிக்கும் பராமரிப்பு மட்டும் தருவதா என்பது மருத்துவ அறத்தில் இன்றும் விவாதிக்கப்படுகிறது. இரவுதோறும் கண்விழிப்பு, தாயோ தந்தையோ வேலையை விடுதல், மற்ற பிள்ளைகளைக் கவனிக்க முடியாமை, செலவு ஆகியவை குடும்பத்தின் மீது விழும் சுமைகள். நீண்டகால விளைவுகளைப் பற்றிய தரவுகள் பெற்றோருக்கு ஒளிவுமறைவின்றி விளக்கப்படும்போதுதான் அவர்கள் எடுக்கும் முடிவு உண்மையிலேயே அவர்களுடையதாகிறது.