கீழிருந்து ஏறும் குளிர்

நெடுந்தொலைவு ஓடும் லாரியின் அடியில் பழம்புடவையையோ வேட்டியையோ தூளியாகக் கட்டித் துயில்வது, நம் ஓட்டுநர்களும் கிளீனர்களும் நெடுநாளாகக் கைக்கொண்டுவரும் வழக்கம். சித்திரை வெக்கையில் அதற்கு ஈடான படுக்கை இல்லை. தரையின் சூடு தீண்டாது. நாற்புறமும் காற்று தழுவும். அதே காற்று மார்கழியில் பகையாகிவிடுகிறது. நாமக்கல் பக்கத்திலிருந்து சரக்கேற்றி மும்பையை அடுத்த உல்லாஸ்நகர் வந்து சேர்பவர் இதை முதுகாலேயே அறிவர்.

மும்பைத் தீவுக்குக் கடல் காவல். பகலில் பெற்ற வெப்பத்தை நீர் மெல்லவே விடுவதால் அங்கே இரவு அதிகம் தணிவதில்லை. உல்லாஸ்நகரோ உள்நாட்டில், உல்லாஸ் ஆற்றை ஒட்டி அமைந்த நகர். முகிலற்ற இரவில் இங்கே நிலம் தன் வெப்பத்தை வானுக்குக் கதிர்வீசி விரைந்து குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து, தாழ்வான இடங்களில் தேங்குகிறது. தூளி தொங்குவதும் அந்த உயரத்தில்தான்.

குளிர்ந்தால் மேலே இன்னொரு கம்பளியைப் போர்த்திக்கொள்வதே எவருக்கும் முதலில் தோன்றும். அது பாதி மருந்துதான். கம்பளி வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உறங்கும் உடல் வெளியிடும் ஏறத்தாழ 70 அல்லது 80 வாட் வெப்பத்தை, தன் இழைகளுக்கிடையே சிறைப்பட்ட அசைவற்ற காற்றால் தடுத்து நிறுத்துகிறது. காக்கும் பொருள் அந்தக் காற்றே. தூளியில் படுத்தவரின் எடை முதுகுக்குக் கீழுள்ள துணியை நசுக்கிக் காற்றைப் பிழிந்துவிடுகிறது. தரையில் படுத்தாலும் விரிப்பு நசுங்கும். ஆயினும் அடியிலுள்ள மண் சிறிது நேரத்தில் உடற்சூட்டை ஏற்று வெதுவெதுப்பாகும். தூளிக்கு அடியில் ஓடும் காற்றோ சூட்டை ஏற்று நிற்பதில்லை. கணந்தோறும் வாரிக்கொண்டு போகிறது. மேலே எத்தனை போர்த்தினாலும் முதுகு உறைவது இதனால்தான்.

எனவே காப்பு தூளிக்கு வெளியே, அடியில் அமைய வேண்டும். மேலைநாடுகளில் மலைக்காடுகளில் தூங்குவோர் இதற்கெனவே பஞ்சடைத்த மெத்தையை வலைத்தொட்டிலின் அடியில் நசுங்காதபடி கட்டுகின்றனர். லாரியில் கிடைக்கும் சணல் சாக்கே அந்த வேலையைச் செய்யும். இரண்டு சாக்குகளைப் பிரித்து, இடையே நாளிதழ்த் தாள்களைக் கசக்கி இட்டு, உடல் எடை அவற்றின்மேல் விழாதபடி தூளியை ஒட்டித் தொங்கவிட வேண்டும். இடைவெளி இரண்டு விரற்கடைக்கு மிகுந்தால் உள்ளே காற்று சுழன்று சூட்டைக் கடத்திவிடும். ஓரங்களும் இறுக மூடியிருக்க வேண்டும். அதற்கும் வெளியே தார்ப்பாயை ஒரு மடிப்பு கட்டினால் வாடைக்காற்று நுழையாது.

தார்ப்பாயை மட்டும் மேலே சுற்றிக்கொள்ளக் கூடாது. உடலிலிருந்து எழும் நீராவி வெளியேற வழியின்றித் துணியை நனைக்கும். நீரோ காற்றைவிட ஏறக்குறைய 24 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். மேற்பக்கத்தை லாரியின் தளமே காத்துக்கொள்கிறது. திறந்த வானத்தின் கீழ் போர்வையும் முகமும் இழக்கும் கதிர்வெப்பத்தில் பெரும்பகுதியை அது தடுக்கிறது. இந்த நன்மை, மரங்களுக்கிடையே வெட்டவெளியில் தூளி கட்டுபவருக்குக் கிடைப்பதில்லை.

வெதுவெதுப்புக்காகத் தூளியின் கீழ்க் கரி நெருப்பு வைப்பதும் எஞ்சினை ஓடவிடுவதும் உயிருக்கே கேடு. அவை வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. உறங்குபவரை எழுப்பாமலேயே கொன்றுவிடும். அடியில் ஆள் உறங்கும் வரை வண்டிச் சாவி அவரிடமே இருப்பதும் கட்டாயம்.

படுக்கும் வேளையின் குளிரை வைத்துக் காப்பை அளக்கலாகாது. உடலின் உள்வெப்பம் விடியற்காலை நான்கு, ஐந்து மணியளவில் மிகக் குறைகிறது. காற்றோ கதிரவன் எழும் வரை குளிர்ந்துகொண்டே போகிறது. பத்து மணிக்குப் போதும் என்று தோன்றும் காப்பு நான்கு மணிக்குப் போதாது. அடிச்சாக்கை முன்னிரவிலேயே கட்டிவிட்டு, வியர்த்தால் மேற்போர்வையை மட்டும் விலக்கிக்கொள்வதே தக்கது.